1984 சபைப் பதிவேடும் 2023 பதிவுத் திருமணமும்: ஒரே வீட்டுல ரெண்டு தேடல்

சித்தப்பா 2021ல தவறிப் போனாங்க. ரிட்டயர்டு வாத்தியார். சித்திக்கு குடும்ப ஓய்வூதியம் மாறி வரணும், அதுக்கு பேப்பர் எல்லாம் ரெடி பண்ணி எடுத்துட்டுப் போனா அங்க ஒரு சிக்கல். பென்ஷன் புக்ல மனைவி பேர்னு சித்தியோட ஞானஸ்நானப் பேர் இருக்கு, ஆதார்லயும் பேங்க்லயும் ஸ்கூல் சர்டிபிகேட் பேர் இருக்கு, ரெண்டும் ஒரே ஆள்தான்னு எங்களுக்குத் தெரியும், கவுண்டர்ல இருக்கவங்களுக்கு எப்படித் தெரியும். கல்யாண சர்டிபிகேட் கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. சித்தி வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டி, பீரோ, பழைய எல்ஐசி பைல் எல்லாத்தையும் கொட்டித் தேடிட்டு எனக்கு போன் பண்ணாங்க, "யய்யா, முப்பத்தேழு வருஷம் கூட இருந்தேன், நான்தான் அவங்க பொண்டாட்டின்னு நிரூபிக்க ஒரு துண்டு பேப்பர் இல்லையே"ன்னு. அந்தக் குரல் இன்னும் காதுலயே நிக்குது, அதனாலதான் இதை இவ்வளவு விரிவா எழுதுறேன்.

அடுத்த வருஷமே தங்கச்சிக்கு, அதாவது சித்தி பொண்ணுக்கு, கல்யாணம் கூடிச்சு. மாப்பிள்ளை இந்து. அதுக்கும் பதிவுக்கு அலைஞ்சது நான்தான். ஒண்ணு நடந்து முடிஞ்ச கல்யாணத்தோட ரெக்கார்டைத் தேடுறது, இன்னொண்ணு நடக்கப் போற கல்யாணத்துக்கு அனுமதி வாங்குறது. ரெண்டும் வேற வேற வேலைன்னுதான் நினைச்சேன். கடைசில பாத்தா ரெண்டுலயும் நான் முட்டி நின்னது ஒரே ரெண்டு கேள்வில: எந்தச் சட்டம், எந்த எல்லை. இந்த ரெண்டையும் முதல்லயே கேட்டிருந்தா சித்தி விஷயத்துல ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும்.

நான் பண்ண முதல் தப்பு இது. சித்தி இப்ப இருக்கறது மதுரைல, அதனால வீட்டுக்குப் பக்கத்துல இருக்க ஒரு சார்பதிவாளர் ஆபீஸ்ல போய் "கல்யாண ரெக்கார்டு தேடணும்"னு மனு குடுத்தேன். அங்க வழக்கமா வர்ற மனு மாதிரியே இந்து திருமணப் பதிவுல தேடினாங்க, இல்லைன்னு வந்துச்சு. இருக்காது. சித்திக்கு கல்யாணம் நடந்தது சர்ச்ல, அதுவும் இப்போ தூத்துக்குடி மாவட்டமா இருக்க ஒரு தேரிக்காட்டு ஊர்ல. மனுல அதை எழுதணும்னு எனக்குத் தோணல, கேக்கணும்னு அவங்களுக்கும் தோணல.

நம்ம ஊர்ல கல்யாணத்துக்குன்னு ஒரே ரெஜிஸ்டர் கிடையாது, கல்யாணம் எந்தச் சட்டப்படி நடந்துச்சோ அந்தச் சட்டத்தோட ரெஜிஸ்டர்லதான் அது இருக்கும். இந்து முறைப்படி நடந்திருந்தா 1955 இந்து திருமணச் சட்டம், அதோட 8ஆம் பிரிவுல பதிவு. தமிழ்நாட்டுல சுயமரியாதைக் கல்யாணத்துக்குன்னு 1967ல அண்ணா முதலமைச்சரா இருந்தப்ப 7ஏன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, அந்தக் கல்யாணமும் இந்தச் சட்டத்துக்குள்ளதான் வரும். சர்ச் கல்யாணம்னா 1872 இந்திய கிறித்தவ திருமணச் சட்டம். நிக்காஹ்னா ஜமாஅத்ல இருக்க தப்தர், அதாவது அவங்க பதிவுப் புத்தகம்தான் முதல் ரெக்கார்டு. மதம் பாக்காம பதிவு ஆபீஸ்லயே நடக்கறதுன்னா 1954 சிறப்புத் திருமணச் சட்டம். இது எல்லாத்துக்கும் மேல 2009 தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம், 24.11.2009 அன்னிலேர்ந்து நடக்கற எல்லா மதக் கல்யாணத்தையும் கட்டாயமா பதியணும்னு சொல்றது. 2006 பிப்ரவரில உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலத்துலயும் பதிவைக் கட்டாயமாக்கச் சொன்னதுக்கு அப்புறம் வந்தது இது. 90 நாளுக்குள்ள பதியணும், தவறினா கூடுதல் கட்டணத்தோட இன்னும் 60 நாள். ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி நடந்த கல்யாணத்துக்கு இந்த ரெஜிஸ்டர்ல தேடி பிரயோஜனமே இல்ல. சித்திது 1984.

இதுல இன்னொரு குழப்பம் நிறைய பேருக்கு இருக்கு, அதையும் இங்கயே சொல்லிடறேன். "ரிஜிஸ்டர் மேரேஜ்"னு எல்லாத்துக்கும் ஒரே பேரை வச்சுக் கூப்பிடறோம். இந்து திருமணச் சட்டத்துல ஆபீஸ்ல நடக்கறது கல்யாணம் இல்ல, ஏற்கனவே நடந்த கல்யாணத்தை எழுதி வைக்கிறது மட்டும்தான், அதனாலதான் பத்திரிகை, கோயில் ரசீது, மண்டப ரசீதுன்னு கேக்கறாங்க. சடங்கே நடக்காம சர்டிபிகேட் மட்டும் வாங்கி வச்சிருந்தா அது கல்யாணமே ஆகாதுன்னு 2024ல உச்ச நீதிமன்றம் தெளிவாவே சொல்லிடுச்சு. அதே நேரத்துல முறைப்படி கல்யாணம் நடந்து பதியாம விட்டிருந்தா, பதியலங்கற ஒரே காரணத்தால அந்தக் கல்யாணம் செல்லாமப் போகாது, அது 8ஆம் பிரிவுலயே எழுதியிருக்கு. அந்த ரெஜிஸ்டரை நியாயமான நேரத்துல போய் பாக்கலாம், கட்டணம் கட்டி நகலும் வாங்கலாம், அதுவும் அதே பிரிவுல இருக்கு. சிறப்புத் திருமணச் சட்டம் அப்படி இல்ல, அங்க திருமண அலுவலர் முன்னாடி நடக்கறதுதான் கல்யாணமே.

சரி சித்தி கேசுக்கு வர்றேன். சர்ச் கல்யாணம்னு முடிவானதும் அடுத்த கேள்வி எந்த வருஷம். சித்தி 1985ன்னாங்க, எங்க அம்மா 84ன்னாங்க. பத்திரிகையெல்லாம் கரையான் தின்னாச்சு. கடைசில தாத்தாவோட பழைய வேதப்புத்தகத்தை எடுத்துப் பாத்தோம், எங்க பக்கத்துல நிறைய வீட்டுல முன்பக்கத்து வெத்துத் தாள்ல வீட்டுப் பிறப்பு, கல்யாணம், மரணம் எல்லாம் தேதியோட எழுதி வச்சிருப்பாங்க, தாத்தாவும் எழுதி வச்சிருந்தார். 1984 ஜூன் மாசம், தேதியோட. இந்த மாதிரி ஒரு பக்கம் சட்டப்படி சர்டிபிகேட் ஆகாது, ஆனா தேடுற வேலைல அதுதான் உயிர். ஆபீஸ்ல தேடச் சொல்லும்போது எத்தனை வருஷம் புரட்டணுமோ அதுக்கேத்த மாதிரி தேடுதல் கட்டணம் ஏறும், தேதி கைல இருந்தா நேரா அந்தப் பக்கத்துக்கே போயிடலாம். உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா இன்னைக்கே உக்கார வச்சு தேதி, ஊர், கல்யாணம் நடத்தினவர் பேர், சாட்சிக் கையெழுத்து போட்டவங்க பேர் கேட்டு எழுதி வச்சுடுங்க.

தேதியோட ஊருக்குப் போனேன். சர்ச் அதே இடத்துல நிக்குது, அதே மணிக்கூண்டு. கோயில்பிள்ளை, அதாவது சர்ச்சைப் பாத்துக்கறவர், சாவி எடுத்துத் திறந்து விட்டார். ஆனா சர்ச் பீரோல இருந்த விவாகப் பதிவேடு 1990களுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி இருந்தது எங்கன்னு கேட்டா அவருக்குத் தெரியல. எங்க பக்கம் சின்னச் சின்ன ஊர் சபை எல்லாம் சேத்து ஒரு சேகரம்னு இருக்கும், ஐயர் (எங்க பக்கம் சர்ச் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) இருக்கறது சேகரத்தோட தலைமை ஊர்ல. இந்த ஊர் சபை 1984ல வேற ஒரு சேகரத்துக்குக் கீழ இருந்திருக்கு, பின்னாடி பிரிஞ்சு தனிச் சேகரம் ஆகியிருக்கு. கல்யாணம் நடந்தது இந்த சர்ச்லதான், நடத்தி வச்ச ஐயர் அந்தச் சேகரத்து ஐயர், ரெஜிஸ்டரும் அவர் கூடவே அங்க போயிடுச்சு.

அரசாங்கக் கணக்குலயும் அதே கதை. 1984ல தூத்துக்குடின்னு ஒரு மாவட்டமே கிடையாது, அது 1986 அக்டோபர்ல திருநெல்வேலிலேர்ந்து பிரிச்சது. திருமண்டலமும், அதாவது ஒரு பேராயருக்குக் கீழ இருக்க சபைகளோட எல்லையும், அப்படித்தான், தூத்துக்குடி நாசரேத் திருமண்டலம் தனியா வந்தது 2003ல, அதுக்கு முன்னாடி எல்லாம் திருநெல்வேலித் திருமண்டலம். ஊர் நகரவே இல்ல, ஆனா அதைச் சுத்தி இருந்த கோடு மூணு தடவை மாறிடுச்சு, பேப்பர் மட்டும் அன்னைக்கு எந்தக் கோட்டுக்குள்ள இருந்துச்சோ அங்கயே இருக்கு. பழைய ரெக்கார்டு தேடுறவங்க ஊர் இப்ப எந்த மாவட்டத்துல இருக்குன்னு பாத்து அந்த ஆபீஸ்ல நிப்பாங்க, கல்யாணம் நடந்த அன்னைக்கு அந்த ஊர் எந்த மாவட்டம், எந்த சார்பதிவக எல்லை, எந்தச் சேகரம்னுதான் கேக்கணும்.

பழைய சேகரத்துல இருந்த ஐயர் நல்ல மனுஷர். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வான்னு சொன்னார், போனேன், ஒரு இரும்புப் பெட்டிலேர்ந்து நீளமான தடி ரெஜிஸ்டர் ஒண்ணை எடுத்து வச்சார். ஓரம் எல்லாம் பூச்சி அரிச்சிருந்துச்சு, எழுத்துக்கு ஒண்ணும் ஆகல. 1984 ஜூன் பக்கத்துல சித்தப்பா பேர், வயசு, வேலை, தகப்பனார் பேர், பக்கத்துல சித்தி பேர், கீழ சாட்சிக் கையெழுத்துல எங்க தாத்தாவோட கோணல் கையெழுத்து. நான் சின்ன வயசுல பாத்த அதே கையெழுத்து. கொஞ்ச நேரம் பேசாம உக்காந்திருந்தேன். போட்டோ எடுத்து சித்திக்கு அனுப்பினேன், பதில் வரல, அன்னிக்கு ராத்திரிதான் போன் பண்ணி "உங்க சித்தப்பா பேனாவை அமுக்கி எழுதுவாங்க, பாரு, தாள்ல குழி விழுந்திருக்கும்"னாங்க. நிஜமாவே விழுந்திருந்துச்சு.

இப்ப இந்த ரெஜிஸ்டரோட சட்டப் பலம் என்னன்னு சொல்றேன், ஏன்னா "சர்ச்ல குடுத்த பேப்பர் செல்லாது, கவர்ன்மெண்ட் சீல் வேணும்"னு ஒருத்தர் சொன்னதும் பாதி பேர் திரும்பி வந்துடறாங்க. 1872 சட்டத்துல கல்யாணத்தை நடத்தி வச்சவங்க பதிவேட்டுல எழுதணும், ஒரு பிரதி அரசாங்கப் பதிவாளருக்குப் போகணும், அதனால விதிப்படி ரெக்கார்டு ரெண்டு இடத்துல இருக்கணும். 79ஆம் பிரிவுப்படி ரெஜிஸ்டரை வச்சிருக்கவங்க, உரிய கட்டணம் வாங்கிட்டு நியாயமான நேரத்துல தேட விடணும், கையெழுத்துப் போட்டு நகலும் குடுக்கணும். அப்படி ரெஜிஸ்டரை வச்சிருக்கவர் கையெழுத்துப் போட்ட நகலை வேற நிரூபணம் கேக்காம கல்யாணத்துக்குச் சாட்சியமா ஏத்துக்கணும்னு 80ஆம் பிரிவு சொல்லுது. நாங்க நகலோட இந்த ரெண்டு பிரிவையும் குறிப்பிட்டு ஒரு கவரிங் லெட்டர் எழுதி வச்சோம். கோபமா எல்லாம் எழுதல, மரியாதையா, பிரிவு நம்பரோட.

ஆனா பேர் பிரச்சனை இன்னும் இருக்கே. ரெஜிஸ்டர்ல சித்தி பேர் ஞானஸ்நானப் பேராவே இருக்கு, அது பென்ஷன் புக்கோட ஒத்துப் போகுது, ஆதாரோட ஒத்துப் போகல. சொந்தக்காரர் ஒருத்தர், ஐயர் நமக்கு வேண்டியவர்தானே, ரெஜிஸ்டர்ல ஆதார் பேரையும் பக்கத்துல எழுதச் சொல்லிடலாம்னார். நான் ஒத்துக்கவே இல்ல. ரெஜிஸ்டர்ல இருக்க பேர் தப்பு இல்ல, அன்னைக்கு அவங்களை அந்தப் பேர்லதான் கூப்பிட்டாங்க, அந்தப் பேர்லதான் கல்யாணம் நடந்துச்சு. சரியா இருக்க பதிவுல கை வச்சா நாளைக்கு மொத்த ரெஜிஸ்டர் மேலயும் சந்தேகம் வரும். அதுக்குப் பதிலா ஞானஸ்நானப் பதிவேட்டு நகல் எடுத்தோம், அதுல தகப்பன் தாய் பேரும் பிறந்த தேதியும் இருக்கு, அதே பிறந்த தேதியும் தகப்பன் பேரும் ஸ்கூல் சர்டிபிகேட்லயும் இருக்கு, ரெண்டையும் இணைச்சு இந்த ரெண்டு பேரும் ஒரே நபர்தான்னு நோட்டரி அபிடவிட் ஒண்ணு.

ஒரே ஒரு இடத்துல நிஜமான தப்பு இருந்துச்சு, தாத்தா பேர்ல ஒரு எழுத்து விட்டுப் போயிருந்துச்சு. அதைத் திருத்தறதுக்கு 78ஆம் பிரிவு வழி சொல்லுது: தப்பைக் கண்டுபிடிச்ச ஒரு மாசத்துக்குள்ள, கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க முன்னாடி, அவங்க இறந்து போயிருந்தா இல்ல வர முடியலன்னா நம்பகமான ரெண்டு சாட்சி முன்னாடி, ஓரத்துல திருத்தம் எழுதி தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும், முதல்ல எழுதினதை அடிக்கவோ அழிக்கவோ கூடாது. சித்தப்பா இல்லாததால சித்தியும் வந்தாங்க, சபைல மூத்தவங்க ரெண்டு பேரும் சாட்சிக்கு வந்தாங்க, அப்படியே செஞ்சோம். புது நகல்ல ஓரத் திருத்தமும் சேந்து வந்துச்சு.

நகல், ஞானஸ்நானப் பதிவு, அபிடவிட், கவரிங் லெட்டர், நாலையும் குடுத்து ரெண்டாவது மாசம் பென்ஷன் மாறிச்சு. அரசாங்கப் பிரதியைத் தேட வேண்டிய அவசியம் எங்களுக்கு வரல. வந்திருந்தா சென்னை சாந்தோம்ல இருக்க பதிவுத்துறைத் தலைவர் அலுவலகம் வரைக்கும் போயிருப்போம். பதிவுத்துறை இணையதளத்துலயே இந்து, கிறித்தவ, சிறப்பு, தமிழ்நாடு திருமணம்னு வகை பிரிச்சு நகலுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கு, ஆனா 1984 மாதிரி பழைய பதிவுக்கு கம்ப்யூட்டரை மட்டும் நம்பிட்டு, அதுல வரலன்னா ரெக்கார்டே இல்லன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இனி தங்கச்சி விஷயம். 2022 கடைசில ரெண்டு வீட்டுலயும் சம்மதம் சொல்லிட்டாங்க. மாப்பிள்ளை வீட்டுல கோயில்ல தாலி கட்டி அங்கயே இந்து திருமணச் சட்டத்துல பதிஞ்சிடலாம்னாங்க, ரொம்ப நல்ல மனசோடதான் சொன்னாங்க, அவங்க சொந்தத்துல எல்லாரும் அப்படித்தான் பண்ணியிருக்காங்க. ஆனா அந்தச் சட்டம் ரெண்டு பேரும் இந்துவா இருந்தாத்தான். 2008 டிசம்பர்ல உச்ச நீதிமன்றத்துல முடிஞ்ச ஒரு ஆந்திரா கேஸ் இருக்கு, கிறித்தவ ஆணும் இந்துப் பெண்ணும் கோயில்ல தாலி கட்டி 8ஆம் பிரிவுல பதிவும் பண்ணியிருந்தாங்க, சர்டிபிகேட் கைல இருந்தும் அந்தக் கல்யாணம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. நான் அதை அவங்க அப்பாகிட்ட பக்கத்துல உக்காந்து விளக்கிச் சொன்னேன், "மாமா, பதிவு ஆனதும் செல்லாமப் போச்சு, நாளைக்கு இவங்க பிள்ளைங்களுக்கு சொத்து விஷயம்னு வந்தா என்ன பண்றது"ன்னு. அவர் உடனே புரிஞ்சுக்கிட்டார்.

சர்ச் பக்கமும் பாத்தோம். 1872 சட்டத்துல ஒருத்தர் மட்டும் கிறித்தவரா இருந்தாலும் கல்யாணம் நடத்தலாம், சட்டம் தடுக்கல. ஆனா குருவானவர் அவரோட சபை விதிப்படிதான் நடத்த முடியும், எங்க சபைல மாப்பிள்ளை ஞானஸ்நானம் வாங்கணும்னாங்க. அவர் மனசுக்கு ஒப்பாத ஒண்ணை கல்யாணத்துக்காகச் செய்யச் சொல்றது எங்களுக்கே பிடிக்கல. சில பேர் வேற ஒரு சின்ன சபைல ஒரு பாஸ்டர் பண்ணி வைப்பார்னு சொன்னாங்க. இங்க கவனிங்க, பேராயர் கையால குருப்பட்டம் வாங்கினவருக்கு அந்தப் பட்டமே போதும், தனிச் சபை போதகர்னா மாநில அரசு குடுத்த லைசென்ஸ் இருக்கணும். சில வெளிநாடுகள்ல கல்யாணம் பண்ணிக்கிறவங்க லைசென்ஸ் வாங்குவாங்க, நம்ம ஊர்ல லைசென்ஸ்ங்கறது கல்யாணம் பண்ணி வைக்கிறவருக்கு. அது இல்லாதவர் நடத்தினா அது குற்றம், பின்னாடி அந்த சர்டிபிகேட்டை எடுத்துட்டுப் போற இடத்துல எல்லாம் நிக்க வேண்டி வரும். போதகர்கிட்ட லைசென்ஸ் நகல் கேக்கறதுக்குச் சங்கடப்படவே கூடாது.

ஆக 1954 சிறப்புத் திருமணச் சட்டம். நம்ம ஊர்ல மணமக்கள் முன்கூட்டி அனுமதி வாங்குறதுன்னா அது இதுல வர்ற 30 நாள் அறிவிப்புதான். எங்க பக்கம் சர்ச்ல மூணு ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிச்சு, யாருக்காவது தடை இருந்தா சொல்லுங்கன்னு கேப்பாங்க, சித்திக்கு 1984ல ரெண்டு பக்கத்துச் சபைலயும் வாசிச்சாங்க. இது அதோட அரசாங்க வடிவம்னு வச்சுக்கலாம், ஓலைக்குப் பதிலா நோட்டீஸ் போர்டு.

இங்கயும் முதல் கேள்வி எல்லைதான். ரெண்டு பேர்ல ஒருத்தராவது நோட்டீஸ் குடுக்கறதுக்கு முன்னாடி 30 நாளாவது அந்த மாவட்டத்துல குடியிருந்திருக்கணும். சட்டத்துல மாவட்டம்னா கலெக்டர் மாவட்டம்னு அர்த்தம் இல்ல, அந்தத் திருமண அலுவலரோட அதிகார எல்லைன்னுதான் 2ஆம் பிரிவு சொல்லுது. பதிவுத்துறைக் கணக்குல சென்னையே வடசென்னை, மத்திய சென்னை, தென்சென்னைன்னு மூணா இருக்கு. தங்கச்சி ஹாஸ்டல் மாறி மூணு வாரம்தான் ஆகியிருந்துச்சு, அதனால அவ முகவரி வேண்டாம்னு விட்டுட்டோம். மாப்பிள்ளை ரெண்டு வருஷமா ஒரே வாடகை வீட்டுல இருக்கார், வாடகை ஒப்பந்தம், கேஸ் பில் எல்லாம் இருக்கு, அந்த எல்லைல இருக்க ஆபீஸ்லயே குடுத்தோம். வயசுக்கும் முகவரிக்கும் ஆதாரம், போட்டோ, இதுக்கு முன்னாடி கல்யாணம் ஆகலங்கற உறுதிமொழி, இதெல்லாம் கூட.

அடுத்து, நிரந்தர முகவரி வேற எல்லைல இருந்தா நோட்டீஸ் நகல் அந்த எல்லை அலுவலருக்கும் போய் அங்கயும் போர்டுல ஒட்டணும். மாப்பிள்ளை சொந்த ஊர் தென்காசிப் பக்கம், ஆதார்ல இன்னும் திருநெல்வேலி மாவட்டம்னே இருக்கு, தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019 நவம்பர்ல. சித்தி கேஸ்ல பட்டது ஞாபகம் வந்து இந்தத் தடவை முதல்லயே அந்த ஊர் எந்த ஆபீஸ் எல்லைன்னு தெளிவா கேட்டு மனுல எழுதிட்டேன். எழுதலன்னா நகல் தப்பான ஆபீசுக்குப் போய் சுத்திட்டு வந்திருக்கும்.

இந்த நோட்டீஸ் சொந்த ஊர் வரைக்கும் போறதுதான் வீட்டு எதிர்ப்போட கல்யாணம் பண்றவங்களுக்குப் பெரிய பயம், அந்தப் பயம் நியாயமானது, உயிருக்கே ஆபத்தான சூழ்நிலைல இருக்கற பிள்ளைங்களோட பேரையும் முகவரியையும் போர்டுல ஒட்டறதை என்னால சரின்னு சொல்ல முடியாது. 2021 ஜனவரில அலகாபாத் உயர் நீதிமன்றம், மணமக்கள் எழுதிக் கேட்டாத்தான் இந்த நோட்டீசை வெளியிடணும், கேக்கலன்னா வேண்டாம்னு தீர்ப்பு குடுத்துச்சு. எங்க விஷயத்துல ரெண்டு வீடும் சம்மதம், ஆனா மாப்பிள்ளையோட பெரிய மாமா ஒருத்தர் ஆட்சேபம் குடுப்பேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சார். யார் வேணா குடுக்கலாம்தான், ஆனா 4ஆம் பிரிவுல இருக்க காரணமா இருக்கணும்: ஏற்கனவே கணவனோ மனைவியோ உயிரோட இருக்கறது, சம்மதம் குடுக்கற மனநிலை இல்லாதது, ஆணுக்கு 21 பெண்ணுக்கு 18 ஆகாதது, தடை செஞ்ச உறவுமுறை. மதம் வேற, ஜாதி வேறங்கறது அதுல இல்ல. ஆட்சேபம் வந்தா அலுவலர் 30 நாளுக்குள்ள விசாரிச்சு முடிவு சொல்லணும், அவர் மறுத்தா மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகலாம். இதை எல்லாம் அவர்கிட்ட மாப்பிள்ளையோட அப்பாவே போய்ச் சொன்னார், அவர் அதுக்கப்புறம் ஒண்ணும் குடுக்கல.

நாள் கணக்குதான் எங்களை ரொம்ப ஆட்டி வச்சது. மாப்பிள்ளை வீட்டுக்கு மார்கழி ஆகாது, எங்க பக்கம் லெந்து நாட்கள்ல, அதாவது ஈஸ்டருக்கு முன்னாடி வர்ற தவக்காலத்துல, கல்யாணம் வைக்க மாட்டாங்க, 2023ல அது ஆரம்பிக்கற சாம்பல் புதன் பிப்ரவரி 22. ஆக தை பிறந்து அதுக்குள்ள முடியணும், மண்டபம் தைக் கடைசி வாரத்துக்குப் புக் பண்ணியாச்சு. நோட்டீஸ் குடுத்தது டிசம்பர் 9. நான் 30 நாள் எண்ணி ஜனவரி 8க்கு மேல எப்ப வேணா போகலாம்னு வச்சிருந்தேன். ஆனா 30 நாள் எண்ண வேண்டியது நோட்டீசை வெளியிட்ட தேதிலேர்ந்து, எங்களோடதை போர்டுல ஒட்டினது டிசம்பர் 14. இன்னொரு கெடு இருக்கு, நோட்டீஸ் குடுத்த தேதிலேர்ந்து மூணு மாசத்துக்குள்ள கல்யாணம் முடியலன்னா அந்த நோட்டீஸ் செத்துடும், மறுபடி முதல்லேர்ந்து. ஒரு கெடு ஒட்டின நாள்லேர்ந்து ஓடுது, இன்னொண்ணு குடுத்த நாள்லேர்ந்து ஓடுது. அப்புறம் பொங்கல் லீவு வேற. கடைசில ஜனவரி 23 திங்கக்கிழமை நாள் வாங்கினோம். மனுவைக் குடுத்துட்டு வந்தா மட்டும் பத்தாது, ரெண்டு நாள் கழிச்சுப் போய் போர்டுல ஒட்டிட்டாங்களான்னு கண்ணால பாத்துட்டு வாங்க.

மண்டப விசேஷத்தை முன்னாடி வச்சுட்டு பதிவை அப்புறம் வச்சுக்கலாமேன்னும் கேட்டாங்க. ஏற்கனவே வேற முறைல நடந்த கல்யாணத்தை இந்தச் சட்டத்துல பதியறதுக்கு 15ஆம் பிரிவு இருக்கு, அதுக்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு, ஆனா ஒழுங்கா சடங்கு நடந்து அன்னிலேர்ந்து சேந்து வாழ்ந்தவங்களுக்கான வழி அது. நாங்க நோட்டீஸ் குடுத்திருக்கறது புதுசா கல்யாணம் பண்ணிக்க. அதனால முதல்ல பதிவு, அப்புறம் மண்டபத்துல தாலி, வீட்டுல ஐயர் வந்து ஜெபம். இந்த வரிசை யாருக்கும் குறையா இல்ல.

சொத்தைப் பத்தியும் ஒரு பேச்சு வந்துச்சு, அதை மறைக்காம முன்கூட்டியே பேசினது நல்லதாப் போச்சு. இந்துக் கூட்டுக் குடும்பத்துல இருக்க ஒருத்தர் இந்தச் சட்டத்துல கல்யாணம் பண்ணா அந்தக் கூட்டுக் குடும்பத்துலேர்ந்து பிரிஞ்சதாக் கணக்கு, அது 19ஆம் பிரிவு. வாரிசு உரிமைக்கு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வரும். மணமக்கள் ரெண்டு பேருமே இந்து, பௌத்தர், சீக்கியர், ஜைனரா இருந்தா இது பொருந்தாதுன்னு 1976ல மாத்தினாங்க, எங்களுக்கு அந்த விலக்கு கிடையாது. மாப்பிள்ளை அப்பா ஊர்ல இருக்க பூர்வீக வயல் விஷயமா ஒரு வக்கீலைப் பாத்துட்டு வந்து "பிரிஞ்சாலும் அவன் பங்கு அவனுக்குத்தானே, சரி"ன்னுட்டார்.

23ஆம் தேதி காலைல மூணு சாட்சிங்களோட போனோம். சித்தி, மாப்பிள்ளையோட அப்பா, நான். மணமக்களும் சாட்சிகளும் உறுதிமொழில கையெழுத்து, அப்புறம் அலுவலர் முன்னாடி இன்னாரை நான் சட்டப்படி கணவனா ஏத்துக்கறேன், மனைவியா ஏத்துக்கறேன்னு ரெண்டு பேரும் தமிழ்லயே சொன்னாங்க. புரியற மொழில சொல்லணும்னுதான் சட்டமே. மாலை மாத்திக்கிட்டாங்க, சர்டிபிகேட் புத்தகத்துல எல்லாரும் கையெழுத்து. சித்தி கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அலுவலர்கிட்ட "எந்தப் பேர் எழுதணும் சார்"னு கேட்டாங்க. ஆதார்ல இருக்கபடி போடுங்கம்மான்னார். போட்டுட்டு, சான்றிட்ட நகல் ரெண்டு சேத்து வேணும்னு அவங்களே மனு எழுதிக் குடுத்தாங்க, ஒண்ணு பொண்ணுக்கு, ஒண்ணு வீட்டுல வைக்க. வேதப்புத்தகத்துல தாத்தா எழுதின பக்கத்துக்குக் கீழ அன்னிக்கு ராத்திரி தேதியும், எந்தச் சட்டம், எந்த ஆபீஸ், பதிவு நம்பர் எல்லாத்தையும் அவங்க கையாலயே எழுதினாங்க.